நாலாம் மாடிப் பிராக்கெட் பற்றி ஒரு கதை, அக்காவின் திருத்தங்களுடன்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு கையேட்டிலிருந்து வந்தது. “கட்டடங்களில் துத்தநாகப் பூச்சு எஃகு உறுப்புகளின் பராமரிப்பு” என்பது அதன் தலைப்பு. நாற்பது பக்கம், எளிய தமிழில். எளிய தமிழ் என் பொறுப்பு. எஃகும் துத்தநாகமும் அக்காவின் பொறுப்பு. அக்கா கட்டடங்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஆய்வாளர். வேலை செய்யும் இடத்தில் அவளைச் சுத்தியல் மேடம் என்பார்கள். எதையும் தட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டாள்.

ஜி.ஐ. என்று நாம் பொதுவாகச் சொல்வது இரும்பின் மேல் துத்தநாகம், அதாவது ஜிங்க், ஏற்றியதைத்தான். ஈரமும் காற்றும் அரிக்க வரும்போது துத்தநாகம் தான் முன்னால் போய் நின்று, தன்னைக் கரைத்துக்கொண்டு, இரும்பைக் காப்பாற்றும். இதைக் கையேட்டில் எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது. “யாருக்காக இவ்வளவு தியாகம்” என்று அடுத்த வரியும் எழுதினேன். அக்கா அதை அடித்துவிட்டாள். அடித்த வரி போகுமிடம் இல்லாமல் ஒரு கதையைத் தேடிக்கொண்டது.

வாசகருக்கு ஒரு குறிப்பு. முதல் நான்கு பகுதிகளை வியாழக்கிழமை காலை அக்காவிடம் கொடுத்து, தொழில்நுட்பப் பிழை இருந்தால் திருத்தச் சொன்னேன். சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள் ஓரத்தில் பென்சிலால் எழுதியது.

[இது உலோகம்டா. கரையுது, அவ்வளவுதான். உன் சொந்தக்காரன் மாதிரி எழுதாத.]

2.

முதல் தொடக்கம்: “மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஏழு மாடிக் கட்டடத்தின் பின்னால் இருந்த இரும்புப் படி தன் இளமைக் காலத்தை நினைத்து”

விட்டுவிட்டேன். படிக்கு இளமைக் காலம் கிடையாது. மாட்டிய தேதிதான் உண்டு.

[பதினாறு வருஷம்னு போடு. அந்த மாதிரி படிக்கு அது நல்ல வயசு.]

இரண்டாவது தொடக்கம்: “அவருக்கு அந்தப் படியைப் பார்க்கும்போதெல்லாம் ஏனோ”

ஏனோ என்று ஆரம்பிக்கும் கதைகள் எனக்குப் பிடிக்காது. ஏன் என்று தெரிந்துகொண்டே ஏனோ என்று எழுதுபவனை நம்பக் கூடாது.

மூன்றாவது தொடக்கம், அலங்காரம் இல்லாதது: ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்று. பின்பக்கம் சுவரோடு ஒட்டி ஒரு ஜி.ஐ. இரும்புப் படி. தீப்பிடித்தால் இறங்க. ஒவ்வொரு மாடியிலும் ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு தட்டு. அந்தத் தட்டைத் தாங்க இரண்டு பிராக்கெட்டுகள், சுவரில் போல்ட் போட்டு முடுக்கியவை. நாலாம் மாடியில் வலதுபக்கப் பிராக்கெட் துருப்பிடித்துவிட்டது. மேலே வெள்ளி நிறப் பெயிண்ட் பளபளக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மற்ற பதின்மூன்றையும்விட அதுதான் புதுசு மாதிரி இருக்கும்.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தீ ஒத்திகை. மணி அடித்ததும் எல்லோரும் பின்படி வழியாக இறங்க வேண்டும். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளருக்குப் பட்டியல்கள் என்றால் உயிர். அவர் கையில் பேனாவோடு நாலாம் மாடித் தட்டில் நிற்பார். மேலேயும் கீழேயும் நடுவிலும் இருப்பவர்களுக்கு அதுதான் சமதூரம் என்பது அவர் கணக்கு. ஐந்து, ஆறு, ஏழாம் மாடிக்காரர்கள் அத்தனை பேரும் அந்தத் தட்டில் நின்று வீட்டு எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கலாம். முப்பத்தொரு பேர். அதில் இரண்டு பேர் கைக்குழந்தைகள்.

இந்தக் கதையில் வேறு ஆபத்து எதுவும் இல்லை. இது ஒன்றுதான்.

[செயலாளர் மாதிரி ஆளுங்கள நான் பார்த்திருக்கேன். நல்லா வந்திருக்கு. ஆனா இவ்வளவு முட்டாளா இருப்பாரான்னு படிக்கிறவங்க கேப்பாங்க.]

(இருக்கிறார். நோட்டீஸ் ஒட்டியாயிற்று.)

3.

பாத்திரங்கள் மூவர்.

முதலாமவர் நாலாம் மாடிப் பல் மருத்துவர். அவர் வீட்டு ஏசியின் தண்ணீர் சொட்டும் குழாய் நேராக அந்தப் பிராக்கெட்டின் தலைக்கு மேலே முடிகிறது. ஏசிக்குள் இருப்பது செம்புச் சுருள். செம்பு தொட்ட தண்ணீர் துத்தநாகத்துக்கு ஆகாது. ஒவ்வொரு சொட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். முதலில் வெள்ளைத் தூள் பூக்கும், அப்புறம் பழுப்பு நீர் வடியும். நாலு வருடம் சொட்டியிருக்கிறது. பல் மருத்துவருக்கு இது தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். சொத்தையைப் பற்றி ஊருக்கே சொல்பவர் தன் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் சொத்தையைப் பார்க்கவில்லை.

இந்தப் பாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. உவமை கச்சிதமாக உட்காருகிறது, ஆள்தான் உட்காரவில்லை. அவர் வீட்டு நாற்காலி எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் இப்போதைக்கு இருக்கட்டும்.

இரண்டாமவர் சில்வர். கட்டடத்தின் பராமரிப்பு வேலைகளைப் பார்ப்பவர். கேட், தண்ணீர்த் தொட்டி மூடி, கைப்பிடி என்று எதைக் கொடுத்தாலும் சில்வர் பெயிண்ட் அடித்துவிடுவார் என்பதால் அந்தப் பெயர். இவர்தான் பிராக்கெட்டின் துருவை மறைத்துப் பெயிண்ட் அடித்தது.

மூன்றாமவர் ஆய்வாளர். பெரிய மீசை. கையில் பூச்சின் கனத்தை அளக்கும் கருவி. அந்தக் கருவிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கீழே இருக்கும் இரும்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. நடுவில் இருப்பது துத்தநாகமா, துருவா, பெயிண்டா என்று அது கேட்காது. மற்ற பிராக்கெட்டுகளில் எண்பது, எண்பத்தைந்து மைக்ரான். இதில் நூற்று நாற்பது. ஆய்வாளர் மகிழ்ந்து, “மிக நன்று” என்று எழுதினார். சுத்தியலை எடுக்கப் போன நேரத்தில் போன் வந்தது. தட்டாமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

[மீசை எதுக்கு?]

[பதினாறு வருஷப் படியில 140 வந்தா சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்படணும். அது புதுசுக்கே வராது. தட்டியிருந்தா அங்கேயே தெரிஞ்சிருக்கும். இந்த ஆள வேலையிலேர்ந்து எடுக்கணும். கதையில எடுப்பியா மாட்டியா?]

(இந்த இரண்டாவது திருத்தத்தைப் படித்துவிட்டு, காகிதங்களை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். ஒரு மணி நேரம் வேறு வேலை பார்த்தேன். வேறு வேலை எதுவும் இல்லை.)

4.

கதைக்கு மூன்று முடிவுகள் யோசித்தேன். வாசகர் விருப்பம்போல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

முடிவு அ. சனிக்கிழமை காலை கொட்டு கொட்டென்று மழை கொட்டுகிறது. ஒத்திகை ரத்து. எல்லோரும் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள்.

[மழைக்கெல்லாம் ஒத்திகைய நிறுத்த மாட்டாங்க. மழை பெஞ்சா தட்டுல இன்னும் நெருக்கி நிப்பாங்க.]

முடிவு ஆ. பல் மருத்துவருக்கு மனசு உறுத்துகிறது. இடது கையால், பெயர் போடாமல், செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்.

[பேர் இல்லாத லெட்டருக்கு எங்க ஆபீஸ்ல ஒரு தட்டு இருக்கு. நிறைஞ்சா காலி பண்ணுவாங்க.]

முடிவு இ. ஒன்றும் ஆகவில்லை. முப்பத்தொரு பேரும் நின்றார்கள், எண் சொன்னார்கள், இறங்கினார்கள். பிராக்கெட் தாங்கிவிட்டது. இதை யதார்த்தமான முடிவு என்பார்கள்.

[மூணுலயும் இதுதான் மோசம். தாங்கிடுச்சுன்னா அடுத்த வருஷமும் அங்கேயே நிக்க வைப்பாங்க. ஏன்டா, உன் கதையில ஒருத்தன்கூட வாயத் திறந்து சொல்ல மாட்டானா?]

5.

இது வெள்ளிக்கிழமை காலை எழுதுவது. இதற்குமேல் சதுர அடைப்புகள் இல்லை. அக்கா இதை இன்னும் பார்க்கவில்லை.

அவள் ஓரத்தில் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு நேற்று மாலை முதலில் போனிலேயே பதில் சொல்லப் பார்த்தேன்.

“என்னடா?” என்றாள்.

“ஒண்ணுமில்லக்கா. சாப்டியா?”

“சாயங்காலம் நாலு மணிக்கு யாருடா சாப்டுவா?”

“சரிக்கா.”

வைத்துவிட்டேன். பேச வராதவர்கள்தான் எழுத்தாளர்கள் ஆகிறார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்ல மாட்டேன்.

பல் மருத்துவர் இல்லை. நாலாம் மாடியில் இருப்பது நான். சொட்டுவது என் எழுதும் அறையின் ஏசி. முழுப் பூசணிக்காயை மூன்று பகுதியாகச் சோற்றில் மறைத்துப் பார்த்தேன், முடியவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால், பிராக்கெட்டிலிருந்து வடிந்த பழுப்புக் கோடு மூன்றாம் மாடிச் சுவர் வரை போய்விட்டது என்று செயலாளர் எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார். சில்வரைக் கூப்பிட்டேன். அவர் வந்து, தட்டில் குந்தி உட்கார்ந்து, வயர் பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தார். கர்ர் கர்ர் என்று ஒரே சத்தம். எனக்குப் பல் கூசியது. ஜன்னலைத் திறந்தேன்.

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“துரு உள்ள போயிருக்கு சார். மொத்தமா தேய்ச்சு எடுத்து, கழுவி, காய வச்சு, அப்புறம் ஜிங்க் பெயிண்ட் அடிக்கணும். தேய்க்கிறப்ப ரொம்ப தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சா பிராக்கெட்டையே மாத்தணும். அதுக்கெல்லாம் முன்னாடி உங்க ஏசி பைப்ப அந்தப் பக்கம் திருப்பிடுங்க. சொட்டிட்டே இருந்தா எது அடிச்சாலும் நிக்காது.”

“இன்னிக்கு ஒரு அத்தியாயம் குடுத்தாகணும். சத்தம் இல்லாம ஏதாவது பண்ண முடியாதா?”

அவர் பிரஷ்ஷைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சில்வர் வேணா அடிக்கலாம் சார். சத்தமே வராது.”

“அதையே அடிச்சிடுங்க.”

“அது சும்மா பார்வைக்குத்தான் சார்.”

“பார்வைக்குத்தானே இப்ப பிரச்சனை?”

அவர் மறுபடி ஒரு தடவை ஏசி பைப்பைக் காட்டினார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

அன்று நான் எழுதிக்கொண்டிருந்தது கையேட்டின் ஆறாம் அத்தியாயம். எந்த வாக்கியத்தின் நடுவில் இருந்தேன் என்பதும் தெரியும். கோப்பில் தேதி இருக்கிறது. “துருவை வயர் பிரஷ்ஷால் முழுமையாக நீக்காமல் பெயிண்ட் அடிப்பது குறையை மறைக்குமே தவிரத் தடுக்காது.” அடிக்கோடு போட்டிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று சொல்வார்கள். உபதேசம் செய்கிறவனுக்குச் சத்தம் ஆகாது என்பதை யாரும் சொல்லி வைக்கவில்லை.*

(* சில்வரைப் பற்றி மூன்றாம் பகுதியில் எழுதியது பொய் இல்லை. பெயிண்ட் அடித்தது அவர்தான். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டது என் வேலை. கேட்டுக்குச் சில்வர் அடிப்பவர் என்று கிண்டல் செய்த மனிதர்தான் இந்தக் கதையிலேயே சரியான வைத்தியத்தைச் சொன்ன ஒரே ஆள்.)

6.

மீசையை எடுத்துவிடுகிறேன்.

அக்கா, இனி வாசகர் என்று எழுதுவது சுற்றி வளைப்பது. இந்தக் கதைக்கு ஒரு வாசகர்தான். அது நீதான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒத்திகைக்கான சான்றிதழுக்காக இந்தக் கட்டடத்துக்கு வந்தவள் நீ. வலதுபக்கப் பிராக்கெட்டில் கருவியை ஐந்து இடத்தில் வைத்தாய். நூற்று நாற்பது, நூற்று முப்பத்தெட்டு, அந்த மாதிரி. நீ சந்தோஷப்படவில்லை. முகத்தைச் சுளித்தாய். பையிலிருந்து சுத்தியலை எடுத்தாய். போன் வரவில்லை. நான்தான் ஜன்னலிலிருந்து சொன்னேன்:

“அது போன மாசம்தான்க்கா புதுசா ஜிங்க் அடிச்சாங்க. சுத்தமா தேய்ச்சுட்டு அடிச்சாங்க. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்.”

“நீ பார்த்தியா?”

“பார்த்தேன்.”

நீ சுத்தியலைப் பையில் வைத்துவிட்டாய். முழுசாக இறுகாத புதுப் பெயிண்ட்டில் தட்டினால் பெயர்ந்துவிடும் என்றாய். அப்புறம் உள்ளே வந்து டீ குடித்தாய்.

ஏன் சொன்னேன் என்று கேட்பாய். ஒரு பெரிய காரணம் இருந்தால் நன்றாக இருக்கும். கதைக்கும் எடுப்பாக இருக்கும். இல்லை. நீ தட்டினால் நல்ல இரும்பு மாதிரி கணீரென்று இல்லாமல் டொப்பென்று கேட்கும், நீ திரும்பி ஜன்னலைப் பார்ப்பாய், நாற்பது பக்கம் எழுதியவன் வீட்டு வாசலிலேயே இந்த லட்சணமா என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு முப்பத்தொரு பேர் ஞாபகம் வரவில்லை. செயலாளர் எங்கே நிற்பார் என்ற நோட்டீஸ் அப்போது ஒட்டவில்லை. ஒட்டியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

நீ யாருடைய வார்த்தையையும் நம்பிக் கையெழுத்துப் போட்டவள் இல்லை. என் வார்த்தையை நம்பிப் போட்டாய். இந்த ஆளை வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்று பென்சிலால் எழுதினாயே, எங்கள் படியை வைத்து நான் ஏதோ கற்பனை பண்ணியிருக்கிறேன் என்று நினைத்து, அது உன்னைத்தான் என்று தெரியாமல் எழுதினாய். அதைப் படித்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது அக்கா. இதைவிட நல்ல வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை.

நாளைக்குப் பத்து மணி வரை நேரம் இருக்கிறது. மூன்று முடிவுகளையும் நீயே அடித்துவிட்டாய். நாலாவது உன் கையில்தான் இருக்கிறது. நான் செயலாளரிடம் போய்ச் சொன்னால் உன் சான்றிதழைக் காட்டுவார். அதைத் தாண்டி என் பேச்சு ஏறாது.

இந்தப் பக்கங்களை இப்போது ஒரு ஆளிடம் கொடுத்து உன் ஆபீசுக்கு அனுப்புகிறேன். மேலே “தொழில்நுட்பத் திருத்தத்துக்கு” என்று எழுதியிருக்கிறேன். பழக்கதோஷம்.

7.

மதியம் இரண்டரைக்கு வந்தாள். என் வீட்டுக்குள் வரவில்லை. நாலாம் மாடியில் பின்படிக்குத் திறக்கும் பொதுக் கதவு வழியாகத் தலையை மட்டும் நீட்டி, தட்டில் கால் வைக்காமல், எட்டி ஒரு தட்டு தட்டினாள். டொப். பிறகு பையிலிருந்த சிறு கத்தியை எடுத்து, பளபளப்பின் மேல் வைத்து அழுத்தினாள். பெயிண்ட் அப்பளம் போல் நொறுங்கியது. கத்தி பாதி உள்ளே போய்விட்டது. அவள் அதை உடனே வெளியே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

செயலாளர் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார்.

“நோட்டீஸ் ஒட்டியாச்சே மேடம்.”

“கிழிச்சிடுங்க.”

“சர்டிபிகேட்ல ‘மிக நன்று’ன்னு போட்டிருக்கீங்களே?”

“போட்டேன். தப்பா போட்டேன். ஏழு மாடியிலயும் பின்கதவப் பூட்டுங்க, இப்பவே. முன்படிய காலியா வைங்க. பிராக்கெட் மாத்துற வரைக்கும், தீப்பிடிச்சா எல்லாரையும் எழுப்ப, ராத்திரி பகல் வாட்ச்மேன் ஒருத்தர் இருக்கணும்.”

அவர் பட்டியலை எடுத்து, அதில் ஏழு கதவுகளை வரிசையாக எழுதிக்கொண்டு போனார். சில்வர் சாவிக்கொத்தோடு அவர் பின்னால் போனார். போகும்போது பிராக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம்தான் அக்கா என் வீட்டுக்குள் வந்து, மேஜையில் உட்கார்ந்து ஒரு படிவத்தை விரித்தாள். ‘சான்றிதழ் ரத்து’. தன் பழைய கையெழுத்தின் தேதியை எழுதினாள், கீழே புதுக் கையெழுத்தைப் போட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இதுல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு” என்றாள். “அத நான் எழுதல. நீதான எழுதுறவன், எழுது.”

“சில்வருக்கு வேலை போயிடுமா?”

“நீ என்ன எழுதுறியோ அதப் பொறுத்து.”

“உனக்கு?”

“எனக்கு என்ன ஆகும்னு உன் கதையில போடாத. அத நான் பார்த்துக்கிறேன்.”

கட்டம் இரண்டு விரல் அகலம்தான். “பராமரிப்புக் குறைபாடு காரணமாக” என்று ஆரம்பித்தேன். நானே அடித்தேன். “பெயிண்ட் முறைப்படி அடிக்கப்படாததால்” என்று எழுதினேன். இதைப் படிக்கிற எவரும் நேராகப் பிரஷ் பிடித்தவரைத் தேடிக்கொண்டு போவார்கள். அதையும் அடித்தேன். கட்டத்தில் பாதி போய்விட்டது.

வாசகரே, உங்களை இடையில் கழற்றிவிட்டதற்கு மன்னிக்கவும். இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப் போவதில்லை. அக்கா நாளைக்கு என்னோடு பேசுவாளா, ஆபீசில் அவளிடம் என்ன சொல்வார்கள், அந்தக் கையேடு என் பெயரில் வெளிவருமா, இதையெல்லாம் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு முடிவுகள் நன்றாக வராது என்பதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு நிரப்ப ஒரு கட்டத்தில் பாதிதான் இருந்தது. அதில் எழுதினேன்:

“துருவைத் தேய்த்தவரை, சத்தமாக இருக்கிறது என்று நான் நிறுத்தினேன். தட்டிப் பார்க்க வந்தவரிடம், தேய்த்ததைப் பார்த்தேன் என்று பொய் சொன்னேன்.”

அக்கா படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். மறுபடி என் பக்கம் திருப்பினாள்.

“இன்னும் அரை வரி இடம் இருக்கு” என்றாள். “ஏசியையும் எழுது.”

எழுதினேன்.